காலரா கிருமி நச்சைச் சுரக்கும் நேரம்: ஒரே தாளில் வரைந்து பார்க்கலாம்

பழவேற்காடு ஏரியின் தெற்குப் பகுதி தமிழ்நாட்டில், மீதி பெரும்பகுதி ஆந்திராவில். தடா, சூளூர்பேட்டையிலிருந்து வரும் பிள்ளைகளும் கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளும் என்னிடம் நுண்ணுயிரியல் படிக்கிறார்கள். கிருமி என்றாலே எந்நேரமும் விஷம் கக்கும் என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். அந்த எண்ணம் மாற இந்தப் படத்தை வரைந்தாலே போதும். ஒரு ஏ4 தாளும் பச்சை, சிவப்புப் பேனாக்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை அம்பு என்றால் தூண்டுகிறது, சிவப்புக் கோடு என்றால் தடுக்கிறது.

படி 1: இடம்

தாளின் இடது ஓரத்தில் 'உவர்நீர்', நடுவில் 'சிறுகுடல்' என்று எழுதுங்கள். காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே கழிமுக உவர்நீரில் இயல்பாக வாழ்வது. இறால், நண்டு ஓடுகளிலும் நுண்ணிய மிதவை உயிரிகளின் ஓடுகளிலும் உள்ள கைட்டின் என்ற கெட்டியான பொருளைப் பற்றிக்கொண்டு, அதையே உணவாக்கிப் பிழைக்கும். அங்கே நச்சு தயாரிப்பது அதற்கு வீண் செலவு.

படி 2: கடைசியில் வருவது

தாளின் அடியில் இரண்டு பெட்டிகள். ஒன்று காலரா நச்சு. குடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுவது இதுதான். 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே முயலின் குடலில் இந்த நச்சைக் காட்டினார். இன்னொன்று டிசிபி, கிருமிகள் குடலில் கூட்டமாய்ச் சேர உதவும் மெல்லிய இழை. நச்சின் மரபணு ஒரு வைரஸ் கொண்டுவந்தது, அந்த வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்வதும் இதே இழையைத்தான்! 1996இல் இது தெரிய வந்தது.

படி 3: நடு அதிகாரி

இரண்டு பெட்டிகளுக்கும் மேலே 'டாக்ஸ்டி' என்ற புரதத்தை எழுதி, இரண்டுக்கும் பச்சை அம்பு போடுங்கள். எச்-என்எஸ் என்ற இன்னொரு புரதம் இந்த மரபணுக்கள் மேல் உட்கார்ந்து அமுக்கி வைத்திருக்கும். அதற்குச் சிவப்புக் கோடு.

படி 4: சவ்வில் நிற்பவை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். டாக்ஸ்டிக்கு மேலே ஒரு நீளக் கோடு போடுங்கள், அதுதான் கிருமியின் உட்சவ்வு. அதில் டாக்ஸ்ஆர், டிசிபிபி என்ற இரண்டு புரதங்களைக் குத்தி நிறுத்துங்கள். ஒரு முனை சவ்வுக்கு வெளிப்பக்கம் இருக்கும். மறுமுனை உள்ளே இருந்துகொண்டு, சவ்வை விட்டு அகலாமலே டிஎன்ஏவைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்துதான் டாக்ஸ்டியின் மரபணுவைத் தூண்டும். டாக்ஸ்ஆர் மட்டும் இருந்தால் போதாது.

படி 5: குடலுக்குள் எந்த இடம்

டாக்ஸ்டி உருவாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பித்தநீரில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதன் கையைக் கட்டிப்போடும், எனவே அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு. குடல் சுவரை நெருங்க நெருங்க பைகார்பனேட் கூடும். அது டாக்ஸ்டியின் வேகத்தை ஏற்றும், ஒரு பச்சை அம்பு. அதாவது குடலுக்குள் வந்தால் மட்டும் போதாது, சுவரை ஒட்டவும் வேண்டும்.

படி 6: கூட்டம்

டிசிபிபிக்கு மேலே 'ஆஃப்ஏ' என்ற புரதத்தை எழுதி, பச்சை அம்பைக் கீழே இறக்குங்கள். அதற்கும் மேலே 'ஹாப்ஆர்' என்ற இன்னொரு புரதம், ஆஃப்ஏவை நோக்கிச் சிவப்புக் கோடு. கிருமிகள் பெருகி அவை வெளியிடும் சைகை மூலக்கூறுகள் நிறைந்ததும் ஹாப்ஆர் ஏறும், நச்சு அடங்கும், கிருமி சுவரைவிட்டுக் கழன்று வெளியேறத் தயாராகும். வேறு பல கிருமிகள் கூட்டம் சேர்ந்த பிறகுதான் தாக்கும். இது நேர்மாறு, நன்றாக நினைவில் வையுங்கள்.

சரி, படத்தைச் சோதிப்போம். டாக்ஸ்டியை விரலால் மறைத்துப் பாருங்கள்: நச்சும் இழையும் ஒருசேர நின்றுவிடும். டாக்ஸ்டியைக் குறிவைத்து மருந்து தேடுகிறார்களே, அது இதனால்தான். (இன்றைக்கும் நோயாளியைக் காப்பாற்றுவது உடனே கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலே.) அப்புறம் ஒரு கேள்வி. 2000இல் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்ட என்16961 என்ற ரகத்தில் ஹாப்ஆர் பழுதானது. அந்த ரகத்துக்கு உங்கள் படத்தில் எந்தக் கோட்டை அழிக்க வேண்டும்?