மடிநோய்ச் சோதனையை எவ்வளவு நம்பலாம்? நம் கொட்டகையிலேயே கணக்குப் போடும் முறை

சுங்கை சிப்புட்டில் எங்கள் கறவை மாடுகளுக்கு மடிநோய் பார்ப்பது சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) தட்டில்தான். நாலு கிண்ணம், நாலு காம்பு. பாலும் சோதனை மருந்தும் சம அளவு ஊற்றிச் சுழற்றினால் நோயுள்ள பால் கெட்டிப்படும். 1957-லிருந்து புழங்கும் சோதனை இது. சோதனை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கே பேச்சு.

முதலில் எல்லைக்கோட்டை முடிவு செய்யுங்கள். லேசாகப் பிசுபிசுத்தாலே 'உண்டு' என்பீர்களா, நடுவில் குவிந்து கிண்ணத்தின் அடியில் ஒட்டினால்தான் 'உண்டு' என்பீர்களா? தொடங்கிய பிறகு மாற்றக்கூடாது.

அடுத்து, தட்டின் முடிவோடு ஒப்பிட, அதே காம்புப் பாலைக் கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். காம்பு நுனியை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சுகளைக் கீழே விட்டு, சுத்தமான போத்தலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். காசு மிச்சம் என்று தட்டில் கெட்டிப்பட்ட பாலை மட்டும் அனுப்பினேன். முடிவு வந்ததும் கணக்குப் போட்டால், நோயுள்ள காம்பு ஒன்றைக்கூடத் தட்டு தவறவிடவில்லை, நூறு விழுக்காடு! இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது: தட்டு 'இல்லை' என்று சொன்ன பாலை யாருமே பார்க்கவில்லை. தவறவிட்டது அங்கேதானே ஒளிந்திருக்கும்! அதனால் 'உண்டு', 'இல்லை' இரண்டையும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் அனுப்ப முடியாவிட்டால் மாடுகளின் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நோஞ்சான் மாடுகளைப் பொறுக்கி எடுக்காதீர்கள்.

தட்டின் முடிவை அங்கேயே, ஆய்வுக்கூடத் தாள் வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். தாளைப் பார்த்த கண்ணுக்கு வெறும் பாலும் கெட்டியாகத்தான் தெரியும். எழுதக் கைப்பேசியை விட கட்டம் போட்ட பள்ளிக் கணக்குப் புத்தகமே எனக்குப் பிடிக்கும். பால் கையோடு விடியற்காலையில் திரையைத் தொட்டுக்கொண்டிருக்க முடியாது.

இனி கணக்கு. உதாரணத்துக்கு 100 காம்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடம் 20-இல் நோய் உண்டு என்கிறது, 80-இல் இல்லை என்கிறது. அந்த 20-இல் தட்டு பிடித்தது 16. 16-ஐ 20-ஆல் வகுத்தால் 80 விழுக்காடு, இதுதான் உணர்திறன். நோயில்லாத 80 காம்பில் தட்டும் 'இல்லை' என்றது 72. அதாவது 90 விழுக்காடு, இது தனித்தன்மை. வகுக்கும் எண் எப்போதும் ஆய்வுக்கூடத்தின் மொத்தம்தான், தட்டின் மொத்தம் இல்லை. 20 காம்பை மட்டும் வைத்துப் போட்ட 80 விழுக்காட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. உண்மை ஏறக்குறைய 58-க்கும் 92-க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம்.

மாட்டுக்காரருக்கு உண்மையில் வேண்டியது வேறு கேள்வி: தட்டு 'உண்டு' என்றால் நிஜமாகவே உண்டா? மேலே தட்டு 'உண்டு' என்றது மொத்தம் 24, அதில் நிஜம் 16, மூன்றில் இரண்டு. இதே தட்டை நோய் அரிதான கொட்டகைக்குக் கொண்டுபோங்கள். 1000 காம்பில் 20-இல்தான் நோய் என்றால், நிஜம் அதே 16, பொய் அலாரம் 98. ஏழில் ஒன்றுதான் உண்மை! தட்டு மாறவில்லை, கொட்டகைதான் மாறியது. இதைப் பார்க்காமல் 'உண்டு' என்ற காம்புக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் ஏற்றினால், வீணாகக் கொட்டும் பாலுக்குக் கணக்கே இருக்காது.

பின்சேர்க்கை: ஆய்வுக்கூடம் 'இல்லை' என்றும் தட்டு விடாமல் 'உண்டு' என்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். மடிநோய் தரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி ஒருநாள் பாலில் வரும், மறுநாள் வராது. அந்தக் காம்பிலிருந்து இன்னொரு நாள் மறுபடி எடுத்து அனுப்புங்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கு: தட்டில் பாலைக் கெட்டிப்படுத்தும் செல்கள் ஆட்டுப்பாலில் இயல்பிலேயே அதிகம், பால் வற்றும் சமயத்தில் இன்னும் கூடும். மாட்டுக்கு வைத்த எல்லைக்கோடு அங்கே செல்லாது, புதிதாகக் கணக்குப் போடுங்கள். கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பாலும் தட்டில் கெட்டிப்படும். அந்த மாடுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.