திரில்லர் குறும்படத்தின் முதல் நிமிடம்: கெமராவுக்கு முன் பென்சில்

பாடசாலைக் குறும்படங்களில் திரில்லர் என்றதும் பலர் முதலில் தேடுவது முகமூடியும் கத்தியும். பயம் அவற்றில் இல்லை. பார்ப்பவருக்கு ஒரு விஷயம் தெரிகிறது, பாத்திரத்துக்கு அது இன்னும் தெரியவில்லை. பதற்றம் பிறப்பது அந்த இடைவெளியில்தான். எதை எப்போது காட்டுவது, எதை மறைப்பது என்பதைத் தாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நம் இலங்கை மலையகத் தோட்டங்களில் வெளிச்சம் போகும் வேகத்துக்கு, அங்கே நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

ஒரே ஒரு கேள்வி

கதையை முழுதாக எழுதும் முன், தொடக்கம் முடியும்போது பார்ப்பவர் மனதில் நிற்க வேண்டிய கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, உயர்தரம் படிக்கும் கவிதா டியூசன் முடிந்து பஸ்ஸில் இறங்கி லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏறி வருகிறாள். அம்மாவுக்கு அழைக்கிறாள். அவர்கள் வீடான காம்பராவின் (லயத்து அறை) கதவில் வெளியே ஆமைப்பூட்டு தொங்குகிறது, போன் உள்ளே அடிக்கிறது. பிறகு யாரோ அதை எடுக்கிறார்கள். கேள்வி: பூட்டிய அறைக்குள் யார்?

இந்தக் கேள்விக்கு உதவாத எதுவும் முதல் நிமிடத்தில் வேண்டாம். கவிதாவின் தோழி, பரீட்சைக் கவலை எல்லாம் பிறகு வரட்டும்.

கட்டம் போடுதல்

ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து, அகலம் 8 செ.மீ., உயரம் 4.5 செ.மீ. அளவில் ஆறு கட்டங்கள் வரையுங்கள்; ஒரு கட்டம் ஒரு ஷொட். இது 16:9 விகிதம், போனைப் படுக்கையாகப் பிடித்தால் வரும் சட்டகம். சித்திரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை; குச்சி மனிதன் போதும். ஆனால் தலை சட்டகத்தில் எங்கே வருகிறது, பார்வை எந்தப் பக்கம், விளக்கு எங்கே என்பவை சரியாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்தின் கீழும் நான்கு குறிப்புகள்: எத்தனை செக்கன், என்ன சத்தம், பார்ப்பவருக்குத் தெரிவது, பாத்திரத்துக்குத் தெரிவது. கடைசி இரண்டும் எல்லாக் கட்டத்திலும் ஒன்றாகவே இருந்தால் உங்கள் தொடக்கத்தில் பதற்றம் இல்லை.

கவிதாவின் கதை ஒன்பது கட்டங்களில், அதாவது இரண்டு தாள்களில், அடங்கும். முதலில் 8 செக்கன் லோங் ஷொட் (தூரக் காட்சி): பனிமூட்டத்துக்குள் லயம், சில வீடுகளில் வெளிச்சம். அடுத்து பஸ்ஸிலிருந்து இறங்கும் கால்கள், 4. பின்னாலிருந்து அவள் ஏறுவது, 10. போன் திரையில் ‘அம்மா’, 4. ஐந்தாவதுதான் உயிர்க் கட்டம்: அவள் தோளுக்குப் பின்னால் கெமரா, அவள் குனிந்து போனைப் பார்க்கிறாள், தூரத்தில் அவள் வீட்டு விளக்கு மட்டும் அணைகிறது. 9 செக்கன். நாம் பார்த்துவிட்டோம், அவள் பார்க்கவில்லை.

ஆறாவதில் தலை நிமிர்கிறாள், 5. இங்கே பக்கத்து வீடுகளின் வெளிச்சம் சட்டகத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர்ப் பார்வையாளர் ‘கரண்ட் போய்விட்டது’ என்று நினைத்துவிடுவார். பிறகு ஆமைப்பூட்டின் குளோசப், 8. உள்ளே மணி கேட்கும்போது அவள் முகம், 10. மணி நிற்கிறது, திரையில் அழைப்பின் நேரம் 00:01 என்று ஓடத் தொடங்குகிறது, 6. கறுப்புத் திரையில் தலைப்பு 6 செக்கன். மொத்தம் 70.

லயத்தையும் கவனித்துத் தெரிவு செய்யுங்கள். ஒற்றை லயத்தில் பின்கதவு இருக்கலாம். பார்ப்பவர் ‘பின்னால் வந்திருப்பார்கள்’ என்று தீர்த்துவிடுவார். முதுகோடு முதுகு ஒட்டிய, மாற்றிக் கட்டாத இரட்டை லயத்தில் அந்த வழி இல்லை.

மேலிருந்து ஒரு வரைபடம்

பாதை, லயம், கெமரா நிற்கும் இடங்களை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். கவிதா நடக்கும் திசையில் ஒரு கோடு இழுத்து, எல்லாக் கெமராவையும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டினால் ஒரு ஷொட்டில் இடமிருந்து வலம் போனவள் அடுத்ததில் வலமிருந்து இடம் போவாள். வீட்டுக்குப் போகிறாளா, திரும்பி ஓடுகிறாளா என்று குழம்பும்.

வெளிச்சக் கணக்கு

இங்கே சூரியன் ஏறத்தாழ மாலை 6 மணியை ஒட்டி மறையும். அதன்பின் வானம் நீலமாக இருந்து, விளக்கும் மலையும் சேர்ந்து தெரியும் நேரம் சுமார் 20 நிமிடம்தான். ஆகவே 1, 5, 6ஆம் கட்டங்களுக்கு ‘நீலம்’ என்று குறித்து, அவற்றை மட்டும் அந்த நேரத்தில் எடுங்கள். 5 மணிக்கே ஒத்திகை முடிய வேண்டும். காம்பராவுக்குள் ஒருவர் சுவிட்சருகே நிற்கட்டும். விளக்கணைப்பைக் குறைந்தது மூன்று தடவை எடுங்கள். குளோசப்களை முழு இருட்டில் அல்லது வேறு நாளில் எடுக்கலாம்.

போனில் போகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) பூட்டாமல் எடுத்தால், விளக்கு அணைந்ததும் போன் தானாகவே சட்டகத்தை வெளிச்சமாக்கும். ஐந்தாவது கட்டம் அங்கேயே செத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கைமுறை வசதியுள்ள செயலியில் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 செக்கன் என்று வையுங்கள். 30 பிரேமும் 1/60உம் வைத்தால் டியூப் லைட் துடிப்பது படத்தில் தெரியலாம். குளிரில் நின்ற கெமராவை அடுப்பெரியும் சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். வெளியிலேயே இறுக்கி மூடிய பொலித்தீன் பைக்குள் வைத்து, உள்ளே 20 நிமிடம் விடுங்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் மழை. மாற்றுத் திகதி ஒன்றைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லயத்து மக்களுக்கு முதல்நாளே சொல்லுங்கள். இருட்டில் ஒரு பிள்ளை கதவைத் தட்டினால் அயலார் ஓடி வருவார்கள், வரவும் வேண்டும். பகலில் இடம் பார்க்கும்போது மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அதில் பேரம் இல்லை. தண்டவாளத்திலும் சுரங்கத்திலும் எடுக்க நினைக்க வேண்டாம்.

கட்டங்களை ஓடவிடுங்கள்

ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம்பிடித்து, எடிட்டிங் செயலியில் குறித்த செக்கன்படி அடுக்கி, மணிச் சத்தத்தைச் சேருங்கள். கதை தெரியாத ஒருவருக்குக் காட்டி, ‘இப்போது என்ன தெரிய வேண்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘உள்ளே யார்?’ என்றால் சரி. ‘அம்மா எங்கே?’ என்றால் நான்காவது கட்டம் நீளம், 2 செக்கனாக்குங்கள். விளக்கு அணைந்ததையே அவர் கவனிக்காவிட்டால் ஐந்தாவதில் கவிதாவை ஓரத்துக்குத் தள்ளி விளக்கைப் பெரிதாக வரையுங்கள்.

போன் திரைக் கட்டங்களை எடுக்கும் முன் மணிக்கூட்டையும் பாருங்கள். காலை பத்து மணிக்கு எடுத்தால் திரையின் மூலையில் 10:04 என்றே இருக்கும். கையால் 6:20க்கு மாற்றி, இரண்டு ஷொட்டிலும் பெட்டரி அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி எடுங்கள்.