கோட்டை மான்கள் எதைத் தின்கின்றன? புழுக்கையில் பார்க்கும் முறை

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்கள் புல்லை எவ்வளவு, இலைகுழையை எவ்வளவு தின்கின்றன என்று அறிய மானைப் பிடிக்கத் தேவையில்லை. இலையின் மேற்றோலை மூடிய மெழுகுப்படை வயிற்றில் எளிதில் செரிக்காது. கலங்களின் அச்சு பதிந்த அந்தத் துணுக்குகள் புழுக்கையோடு வெளியே வரும். ஒரு நுணுக்குக்காட்டி போதும்.

1. பொறுக்குதல்

காலையில் போங்கள். மினுமினுப்பும் ஈரமும் உள்ள புழுக்கைதான் புதியது. ஆட்டுப் புழுக்கையும் இதே போலத்தான் இருக்கும். ஆடும் மேயும் இடமென்றால், மான் போடுவதைக் கண்ணால் கண்ட குவியலை மட்டும் எடுங்கள். குவியலுக்கு 5 புழுக்கைப்படி 10 குவியல்களாவது வேண்டும். ஒரே குவியலில் 50 எடுத்தால் ஒரு மானின் ஒரு வேளைச் சாப்பாடுதான் தெரியும். கோட்டைக்குள் இராணுவ முகாமும் உண்டு, கோணேசர் கோயில் வீதியை விட்டு விலகுவதானால் முதலில் அனுமதி கேளுங்கள்.

கடதாசியில் பரப்பி அன்றே வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அதன் இழைகள் பிறகு இலைமயிர் போலத் தோன்றி ஏமாற்றும். மாரியில் வெயிலை நம்பாமல் 70% அற்ககோலில் போட்டு வையுங்கள்.

2. ஒப்பீட்டு வழுக்கிகள்

வழுக்கி என்பது நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு. பலர் தாண்டிப்போகும் படி இது. வேலையில் பாதி இங்கேதான். மான் மேயும் இடத்திலுள்ள அறுகு, கோரை, ஆல், வேம்பு, இப்பில் இப்பில் என ஒவ்வொன்றிலும் இலை பறித்து, கீழே சொல்வது போலவே பதப்படுத்தி, படம் எடுத்துப் பெயரிட்டு வையுங்கள்.

இது இல்லாமலும் புல்லையும் குழையையும் பிரிக்கலாம். புல்லில் நீண்ட கலங்கள் வரிசையாக நிற்கும், இலைவாயின் (இலையிலுள்ள நுண்துளையின்) காவற்கலங்கள் டம்பெல் போல நடு ஒடுங்கியிருக்கும். மரஞ்செடிகளின் இலையில் கலங்கள் பெரும்பாலும் நெளிந்து ஒன்றோடொன்று கோத்திருக்கும், காவற்கலங்கள் அவரைவிதை வடிவம், இலைவாய்கள் சிதறிக் கிடக்கும். கோரையும் வரிசைக் கலங்களோடு புல் போலவே தெரியும், அதற்குத்தான் ஒப்பீட்டு வழுக்கி.

3. பதப்படுத்தல்

காய்ந்த புழுக்கையை உரலில் மெதுவாக நொறுக்கி, 1 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் அரியுங்கள். மாவாக இடித்துவிட்டால் அடையாளம் காண ஒன்றும் மிஞ்சாது. ஒரு தேக்கரண்டி எடுத்து, மூழ்கும் அளவு வீட்டு ப்ளீச் ஊற்றி, நிறம் வெளிறும்வரை ஊறவிடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், கூட ஊறினால் துணுக்கே கரையும். ப்ளீச்சோடு வினாகிரியோ கழிவறை அமிலமோ சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு மெல்லிய துணியில் தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள்.

ஒரு சொட்டுக் கிளிசரீனில் சிறிதளவு பரப்பி, மெல்லிய கண்ணாடியால் மூடுங்கள். இப்படி 5 வழுக்கிகள்.

4. எண்ணுதல்

100 மடங்கு உருப்பெருக்கத்தில் வழுக்கிக்கு 20 இடம், மொத்தம் 100 இடம் பாருங்கள். ஓர் இடத்தில் புல், குழை, கோரை ஒவ்வொன்றும் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறியுங்கள். துணுக்குகளை எண்ணவேண்டாம், ஓர் இலையே நூறாக உடைந்திருக்கலாம்.

புல் 63 இடத்தில், குழை 39 இடத்தில், கோரை 20 இடத்தில் என்று வைப்போம். ஒவ்வொன்றும் காணப்படாத பங்கின் இயற்கை மடக்கையை (கணிப்பானில் ln) எடுத்து எதிர்க்குறியை நீக்குங்கள். புல்லுக்கு 0.37இன் மடக்கை, அதாவது 0.994. குழைக்கு 0.494, கோரைக்கு 0.223. கூட்டினால் 1.711. ஆகவே புல் 58%, குழை 29%, கோரை 13%. புல் 100 இடத்திலும் தெரிந்தால் கணக்கு நிற்காது, வழுக்கியில் கூடப் போட்டுவிட்டீர்கள்.

எங்கே பிழைக்கும்

இளந்தளிர், பூ, பழச்சதை பெரும்பாலும் செரித்துவிடும், அதனால் குழையின் பங்கு உண்மையைவிடக் குறைவாக வரும். புல்லும் குழையும் சம எடையில் கலந்த மாதிரியை முதலில் செய்து எண்ணிப் பாருங்கள். கண்ணும் பழகும், உங்கள் கையின் பிழையும் தெரியும். செரிமானத்தால் வரும் பிழை மட்டும் அதில் தெரியாது. ஆட்கள் கொடுக்கும் பாணும் வாழைப்பழமும் அநேகமாகத் தடயமே விடாது.

மான் பொலித்தீன் தின்றதா என்று பார்ப்பதில் இன்னும் கவனம். கலவரிசை எதுவும் இல்லாத வழுவழுப்பான துணுக்கு கண்டால் தின்றிருக்கிறது எனலாம். காணவில்லை என்பதால் தின்னவில்லை என்று எழுதிவிடாதீர்கள், பெரிய துண்டுகள் இரைப்பையிலேயே தங்கிவிடும்.