போன சாலை வேறு, திரும்பும் சாலை வேறு: குளிர்கால மலைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நாற்பது கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.” மலையில் விடுமுறைக்குத் தங்கியிருக்கும் குடும்பத்தில் யாராவது ஒருவர் காலையில் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர்தான் வண்டி ஓட்டப்போகிறவர். நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த குறுகலான கிளைச்சாலையில் எடுபடாது. எதிரே ஒரு வண்டி வந்தால் இருவரில் ஒருவர் பின்னால் நகர்ந்து, ஒதுங்க இடம் தேட வேண்டும். காட்சி நன்றாக இருந்தால் நிறுத்துவோம். அதற்காகத்தானே அந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்தோம். குழந்தைக்கு அவசரம் என்றாலும் நிறுத்துவோம். கையுறை, குல்லாய், கோட்டு எல்லாவற்றையும் மாட்டி இறக்கி, மறுபடி ஏற்றுவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். செயலி காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். பனி விழுந்த மறுநாள் அதுவும் போதாது.

தொலைவை விட முக்கியமானது வெளிச்சம். பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் நடுவில், 45 டிகிரி அட்சரேகையில் உள்ள இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே பகல் ஏறக்குறைய 9 மணி நேரம்தான். அதுவும் சமவெளிக்கான கணக்கு. பள்ளத்தாக்கில் ஓடும் சாலைக்கு, மலைமுகடு மறைத்த கணமே சூரியன் போய்விடுகிறது. வானம் இன்னும் நீலமாகத்தான் இருக்கும், சாலை மட்டும் நிழலுக்குள் போயிருக்கும். சூரிய அஸ்தமனம் ஐந்து மணி என்று செயலியில் பார்த்துவிட்டு நான்கு மணிக்குத் திரும்பத் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வந்த வழிதானே என்ற நம்பிக்கை

நான் பார்த்தவரை, அனுபவமுள்ள ஓட்டுநர்களும் செய்கிற தவறு இது. காலையில் வந்த சாலை நன்றாக இருந்தது, மாலையிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நண்பகல் வெயிலில் சாலையோரத்துப் பனிக்குவியல் உருகும். மெல்லிய நீரோடையாகக் குறுக்கே வழிந்து சாலையை நனைக்கும். அப்போது பார்த்தால் வெறும் ஈரம். குழந்தைகள் அதில் காலால் தட்டி விளையாடுவார்கள். நிழல் விழுந்ததும் அதே ஈரம் இறுகி, கண்ணாடி போன்ற பனிக்கட்டிப் படலமாகிவிடுகிறது. அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால், அங்கே பனிக்கட்டி இருப்பதே புலப்படாது. ஈரமாகத் தெரியும் சாலையில் முன்னால் போகும் வண்டியின் டயர் நீரைத் தெளிக்கவில்லை என்றால் அங்கேயே வேகத்தைக் குறையுங்கள். அது ஈரமாக இல்லாமலும் இருக்கலாம்.

எங்கே எதிர்பார்ப்பது? வெயிலே படாத வடக்குச் சரிவுகளில் (தெற்கு அரைக்கோளத்தில் தெற்குச் சரிவுகளில்), பாறை நிழல் விழும் வளைவுகளில், முக்கியமாகப் பாலங்களில். மண்மேல் கிடக்கும் சாலைக்கு அடியிலிருந்து கொஞ்சம் வெப்பம் கிடைக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான், அதனால் முதலில் உறைவது அதுதான். போகும்போதே இந்த இடங்களைக் கவனித்து வைத்துக்கொண்டால் திரும்பும்போது கால் தானாக ஆக்சிலரேட்டரை விடும். பனிக்கட்டிமேல் வண்டி நிற்க, காய்ந்த சாலையைப் போல் பத்து மடங்கு தொலைவுகூடத் தேவைப்படலாம்.

உயரக் கணக்கையும் மறந்துவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். விடுதி வாசலில் 5 டிகிரி என்றால் மேலே கணவாயில் உறைநிலைக்குக் கீழே இருக்கும். ஆனால் வானிலை அறிக்கையை நாம் விடுதி இருக்கும் ஊருக்குத்தான் பார்க்கிறோம்.

வரைபடத்தில் கோடு இருந்தால் சாலை இருக்கிறது என்று எண்ணுவது

உயரமான கணவாய்ச் சாலைகள் பல, குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ, கலிபோர்னியாவின் டயோகா போன்ற புகழ்பெற்ற சாலைகளே அப்படித்தான். இவற்றில் பிரச்சினையில்லை, தடுப்பு போட்டிருப்பார்கள், அறிவிப்பு இருக்கும். ஆபத்து, தடுப்பும் இல்லாமல் பனி அள்ளும் வண்டியும் வராமல் கிடக்கும் சின்னச் சாலைகளில். வழிகாட்டிச் செயலிக்குக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை. “குறைந்த தொலைவு” என்ற அமைப்பை விட்டுவைத்திருந்தால் மாட்டுவண்டித் தடத்தில்கூட ஏற்றிவிடும்.

2006 நவம்பரில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் நடந்ததை இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், நெடுஞ்சாலையிலிருந்து பிரிய வேண்டிய இடத்தைத் தவறவிட்டது. திரும்பிப் போகாமல், வரைபடத்தில் மலையைக் கடந்து போவதாகத் தெரிந்த பேர் கேம்ப் சாலையைப் பிடித்தார்கள். பனி கூடியதும் பின்வாங்கினார்கள். பின்வாங்கும் வழியில் ஒரு பிரிவில், மரம் ஏற்றும் லாரிகளுக்கான காட்டுப்பாதைக்குள் போய்விட்டார்கள். நாள்கணக்கில் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டார்கள், பிறகு டயர்களைக்கூட எரித்தார்கள். ஒரு வாரமாகியும் யாரும் வராததால் உதவி தேடி நடந்து போன தந்தை குளிரில் இறந்துபோனார். வண்டியோடு இருந்த தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் டிசம்பர் 4 அன்று உயிரோடு மீட்கப்பட்டார்கள். தேட வேண்டிய வட்டாரத்தைச் சுருக்க உதவியது, அவர்களுடைய செல்பேசி ஒரு கோபுரத்தோடு கணநேரம் தொடர்புகொண்டதன் பதிவு.

அவர்கள் அசட்டுத்தனமாக எதையும் செய்துவிடவில்லை. நாமும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்போம், அதுதான் உறுத்துகிறது. எனவே உள்ளூர்ச் சாலைத் துறையின் அறிவிப்பை அன்று காலையே பாருங்கள், விடுதிக்காரரிடமும் கேளுங்கள். “அந்தச் சாலை திறந்திருக்கிறதா?” என்று கேட்காமல், “இன்று யாராவது அந்த வழியாக வந்தார்களா?” என்று கேட்பது நல்லது. வரைபடத்தைச் செல்பேசியில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் இருக்காது. எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் எப்போது தேட வேண்டும் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வழியை மாற்றினால், சிக்னல் இருக்கும்போதே அதையும் சொல்லுங்கள்.

வண்டி

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் தைரியம் கொள்ளாதீர்கள். அது கிளம்பவும் ஏறவும் உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது டயர்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், குளிர்கால டயருக்கு அந்தக் குறை இல்லை. டயர்ச் சங்கிலியை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு, முதன்முதலாகப் பனிக்காற்றில் விரல் மரத்துப்போன நிலையில் பிரித்துப் பார்ப்பது இன்னொரு தவறு. வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். எரிபொருள் பாதியாகும்போதே நிரப்புங்கள். மின்சார வண்டி என்றால் குளிரிலும் ஹீட்டரிலும் அதன் எட்டும் தூரம் கணிசமாகக் குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

பின்னிருக்கை

குழந்தை இருக்கையில் தடித்த பனிக்கோட்டோடு உட்காரவைத்துப் பட்டையை மாட்டுகிறோம். இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் மோதலில் கோட்டின் பஞ்சு அமுங்கிவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே அத்தனை இடைவெளி விழும். சோதித்துப் பார்க்க வேண்டுமா? கோட்டோடு பட்டையைச் சரியாக இறுக்குங்கள். பிறகு பட்டையின் நீளத்தை மாற்றாமல் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். பட்டை எவ்வளவு தொளதொளவென்று கிடக்கிறது என்று பார்த்தால் அப்புறம் அந்தத் தவறு நடக்காது. பட்டையை உடம்போடு இறுக்கி மாட்டிவிட்டு, கோட்டை முன்பக்கமாகப் போர்த்திவிடலாம்.

வாந்தி தனிக் கதை. உட்காதுக்கு வளைவு தெரிகிறது, செல்பேசித் திரையில் பதிந்த கண்ணுக்கு அது தெரிவதில்லை. குமட்டல் அந்த முரண்பாட்டில்தான் பிறக்கிறது. திரையை வாங்கிவைத்துவிட்டுத் தொலைவில் உள்ள மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுவார்கள். அழுகை பரவாயில்லை.

வண்டி பனியில் சிக்கிவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு ஆளை விட வண்டிதான் சுலபமாகக் கண்ணில் படும். ஹீட்டருக்காக எஞ்சினைப் போடும் ஒவ்வொரு முறையும் இறங்கி, புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். போர்வை, தண்ணீர், உண்ண ஏதாவது, டார்ச், ஒரு மண்வெட்டி ஆகியவை எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இதெல்லாம் நடக்காமலிருக்க, திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கே இருந்தாலும் ஒன்றரை மணிக்குத் திருப்பிவிட வேண்டும். குறுகலான சாலையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்பவும் முடியாது. அதனால் போகும்போதே அகலமான இடங்களைக் கிலோமீட்டர் எண்ணோடு குறித்துக்கொள்ளும் வேலை மூத்தவளுக்கு, மணி பார்க்கும் வேலை இளையவனுக்கு. ஓட்டுகிறவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அவருக்கு அடுத்த வளைவு எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். போன முறை கணவாய்க்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது இளையவன் நேரத்தைச் சொன்னான். “இதோ வந்துவிட்டதே” என்றேன். மூத்தவள் நோட்டைப் பார்த்து, “கடைசியாக அகலமான இடம் நானூறு மீட்டர் பின்னால் இருக்கிறது, அப்பா” என்றாள். அவ்வளவு தூரமும் ரிவர்ஸில்தான் வந்தேன்.