கதையை ஒரே மூச்சில் சொல்வது எப்படி? ஒன்லைன் எழுதப் பழகலாம்

ஒரு தயாரிப்பாளரிடம் சினிமாவுக்குக் கதை சொல்லப் போகிறீர்கள். இரண்டு மணி நேர நரேஷன் மனப்பாடமாக இருக்கிறது. எதிரே இருப்பவர் முதலில் கேட்பது, "ஒன்லைன் என்ன?" பலரும் இங்கேதான் தடுமாறி, "முழுசா கேட்டாத்தான் சார் புரியும்" என்கிறார்கள். அப்படிச் சொல்ல நேர்ந்தால், பெரும்பாலும் கோளாறு கதையிலேயே இருக்கிறது. நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது நமக்கே இன்னும் முடிவாகவில்லை. அதனால் திரைக்கதையில் முதல் சீனைத் தொடும் முன்பே ஒன்லைனை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்னக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். உதவி இயக்குநர்கள் 'ஒன்லைன் ஆர்டர்' என்று சொல்வது வேறு. அது படத்தின் எல்லாக் காட்சிகளையும் காட்சிக்கு ஒரு வரியாக எழுதிய பட்டியல். போஸ்டரில் ஆளை இழுக்கப் போடும் வரியான டேக்லைனும் வேறு. நாம் பேசுவது லாக்லைன் என்கிற ஒன்லைனைப் பற்றி: முழுக் கதையின் அடிப்படையை ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொல்வது.

படி 1: யாருடைய கதை?

பெயர் வேண்டாம். 'முருகன்' என்றால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. தொழிலையும், அவருடைய குறை ஒன்றையும் சொல்லுங்கள். பயிற்சிக்காக ஒரு கதையை இங்கேயே உருவாக்குவோம். நம் ஆள் ஒரு கல்யாண சமையல் மாஸ்டர். நாகர்கோவில் பக்கம் தவசிப்பிள்ளை என்பார்கள். காய்ச்சலுக்குப் பிறகு அவர் நாக்கில் ருசி தெரிவதில்லை. இவ்வளவு போதும், ஆள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டார்.

படி 2: என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் என்ன போகும்?

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். 2,000 இலை போடும் விருந்து ஒன்றை அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதைக் கெடுக்காமல் முடிக்க வேண்டும். ருசி பார்க்க நாக்கு இல்லை. முன்பணத்தை வைத்து வீட்டு அடமானத்தை மீட்டுவிட்டார், திருப்பித் தர வழியில்லை. 'வாழ்க்கையில் ஜெயிக்க வேண்டும்', 'நிம்மதி வேண்டும்' போன்ற பதில் வந்தால் விடாதீர்கள். கேமராவில் எடுக்க முடிகிற ஆசையாக மாறும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

படி 3: முரணைக் கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் உயிர். இந்தச் சிக்கல் ஏன் இந்த ஆளுக்கு வந்தது? வேறு யாருக்கு வந்தாலும் கதை இதேதான் என்றால் முரண் இல்லை.

2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தை எடுத்துக்கொள்வோம். அதை நான் இப்படிச் சொல்வேன்: "சினிமா பார்த்தே உலகத்தைக் கற்றுக்கொண்ட ஒரு கேபிள் டிவிக்காரர், தன் குடும்பத்தின் கையால் நேர்ந்த மரணத்தை மறைக்கப் பார்க்கிறார். இறந்தவன் போலீஸ் ஐ.ஜி.யின் மகன்." கேபிள் டிவிக்காரரை ஒரு வக்கீலாக மாற்றிப் பாருங்கள். சட்டம் தெரிந்தவர் தப்பிப்பதில் என்ன ஆச்சரியம்? அதேபோல இறந்தவன் யாரோ ஒருவனாக இருந்தால் எதிரி பலவீனமாகிவிடுகிறார். நாயகனின் தொழில், எதிரியின் பதவி இரண்டும் சேர்ந்துதான் அந்த வாக்கியத்தை இழுத்துப் பிடிக்கின்றன.

சரி, நம் மாஸ்டருக்கு வருவோம். அவருக்கு ஒரு மகள். 'இந்தப் புகையும் கரியும் என்னோடு போகட்டும்' என்று அவளை அடுப்படிப் பக்கமே விடாமல் வளர்த்திருக்கிறார். இப்போது அவருக்குத் தேவைப்படுவது அவளுடைய நாக்கு. இது கிடைத்ததும் அப்பா-மகள் கதை தானாக உள்ளே வந்துவிட்டது. 'பாசப் போராட்டம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: தமிழில் வாக்கியத்தை உடையுங்கள்

நம் மொழியில் ஒரு ஆபத்து உண்டு. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். அப்படி எழுதினால் இப்படி ஆகும்:

"காய்ச்சலில் ருசியை இழந்து, அதை மறைத்து, முன்பணம் வாங்கி, பெரிய விருந்தை ஒப்புக்கொண்ட, மகளை அடுப்படிக்கு விடாமல் வளர்த்த ஒரு சமையல் மாஸ்டரின் கதை."

எல்லாத் தகவலும் இருக்கிறது, ஆனால் நடந்து முடிந்ததாகவே இருக்கிறது. 'ஒருவரின் கதை' என்று முடித்ததும் வினைச்சொல் காணாமல் போய்விடுகிறது. ஆள் எதையும் செய்வதில்லை. ஆகவே இரண்டு வாக்கியமாக உடைத்து, நிகழ்காலத்தில், செயலில் முடியுங்கள்:

"நாக்கின் ருசியை இழந்த ஒரு கல்யாண சமையல் மாஸ்டர், அதை மறைத்து, வீட்டை மீட்பதற்காகத் தன் வாழ்நாளிலேயே பெரிய விருந்தை ஒப்புக்கொள்கிறார். அடுப்படிப் பக்கமே வராதே என்று விரட்டி வளர்த்த மகளின் நாக்கை நம்பித்தான் இனி அவர் சமைத்தாக வேண்டும்."

முப்பது வார்த்தைக்குள் நிறுத்தப் பாருங்கள். கிளைமாக்ஸ் இங்கே வேண்டாம், அது சினாப்சிஸில், அதாவது கதைச் சுருக்கத்தில் வரட்டும். அங்கே முடிவை மறைக்கக்கூடாது.

படி 5: வெட்டுங்கள், சொல்லிப் பாருங்கள்

'விறுவிறுப்பான', 'எதிர்பாராத திருப்பங்கள் நிறைந்த', 'உணர்ச்சிகரமான' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அதையெல்லாம் கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், கதை தெரியாத ஒருவரிடம் காகிதத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டால் வாக்கியத்தில் ஓட்டை. "அய்யோ, அப்புறம் என்ன பண்றார்?" என்றால் நல்ல அறிகுறி. மறுநாள் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் மறந்துபோன பகுதி தேவையற்றதாக இருக்கலாம். முரணையே மறந்திருந்தால் படி 3-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

வெளியே அனுப்பும் முன் ஒரு விஷயம். வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை நீங்கள் விரித்து எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சினாப்சிஸையோ முழு ஸ்கிரிப்டையோ தேதியோடு பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு ஒன்லைனை மெயிலில் முதல் வரியாக வைத்து அனுப்புங்கள்.