பாலைவனப் பல்லி இந்த ஆண்டு முட்டையிட்டதா? கணக்கெடுக்கும் முறை

அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள மொஹாவே பாலைவனத்தில் குளிர்கால மழை நன்றாகப் பெய்தால் வசந்தத்தில் செடி முளைக்கும், பூச்சி பெருகும், பெண் பல்லிக்குக் கொழுப்புச் சேரும். மழை பொய்த்தால், செடி தின்னும் பெரிய பல்லியான சக்வாலாவின் பெண்களில் பல அந்த ஆண்டு முட்டையே இடுவதில்லை. பூச்சி தின்னும் சிறிய ஊட்டா பல்லி ஈடுகளைக் குறைத்துக்கொள்ளும் (ஈடு என்பது ஒரு தடவையில் இடும் முட்டைகள்). ஆகவே முட்டையில்லாத ஆண்டின் தரவும் தரவுதான், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆண்டுதோறும் ஒரே தேதியில் ஒருமுறை மட்டும் பார்ப்பதால்தான் கணக்கு அதிகம் கெடுகிறது. முன்கூட்டியே வெப்பம் ஏறிய ஆண்டில் முதல் ஈடு அதற்குள் முடிந்திருக்கும். வனவிலங்குத் துறையின் அனுமதியோடு, பல்லிகள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து கோடை முடியும்வரை 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பிடியுங்கள்.

பெண்ணை மல்லாத்திப் பிடித்து, வயிற்றின் ஓரத்தைக் கட்டைவிரலால் முன்னிருந்து பின்னாக மெல்லத் தடவுங்கள். சின்ன மணிபோல் உருண்டையாக நழுவினால், சூலகத்தில் மஞ்சள்கரு சேர்ந்துகொண்டிருக்கிறது. பெரிதாக, நீள்வட்டமாகத் தட்டுப்பட்டால் முட்டை சூலகத்தை விட்டுக் கருக்குழாய்க்கு இறங்கிவிட்டது. இந்த இரண்டையும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். உணவு குறைந்தால் சூலகத்தில் இருப்பதை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அது ஈடாகாது. பின்பக்கம் நடுவில் ஒழுங்கில்லாத கட்டி இருந்தால் எச்சமாக இருக்கலாம். அழுத்திப் பார்க்கவே கூடாது, முட்டை உடைந்துவிடும். சந்தேகமா, ‘தெரியவில்லை’ என்றே குறியுங்கள். விலாத்தோல் தொய்ந்து மடிந்திருந்தால் அண்மையில் முட்டையிட்டிருக்கிறது.

மூக்கு நுனியிலிருந்து எச்சத்துளைவரை நீளம், எடை, வால் முழுசா அறுந்ததா என்பதையும் எடுங்கள். வாலிலும் கொழுப்பு இருக்கும், அதனால் வால் அறுந்தவற்றை உடல்நிலைக் கணக்கில் (நீளத்துக்கு எவ்வளவு எடை என்பதில்) சேர்க்காதீர்கள். சினையானவற்றையும் சேர்க்க வேண்டாம்; முட்டையின் எடை கொழுப்பாகத் தோன்றும். முதுகில் பூசிய வண்ணம் தோலுரியும்போது போய்விடும், நிலையான அடையாளமும் வேண்டும்.

மழைமானியை ஆய்விடத்திலேயே வையுங்கள். பாலைவன மழை திட்டுத்திட்டாகப் பெய்யும், தொலைவிலுள்ள நிலையத்தின் அளவு ஒத்துவராது. அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள மழையைத் தனியாகக் கூட்டுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது ஈட்டின் சராசரி முட்டை எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வறண்ட ஆண்டில் குஞ்சு பொரிக்காவிட்டால், அடுத்த ஆண்டு மூத்த, பெரிய பெண்களே மிஞ்சும். பெரிய பெண் அதிகம் இடும் இனங்களில் சராசரி தானாகவே ஏறிவிடும். ஒரே நீளமுள்ள பெண்களை மட்டும் ஒப்பிட்டால்தான் மழையின் பங்கு தெரியும்.