தென்கோடி வானில் இரண்டு மேகங்கள்: டெல்டாவிலிருந்து தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடியக்கரை மணலில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். அடிவானத்துக்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் படர்ந்திருந்தது. "மாமா, அதுதானே?" என்று அக்காள் மகன் கையை நீட்டினான். நானும் அதுதான் என்று நம்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், மேலே இருந்த விண்மீன்கள் எல்லாம் மேற்கே நகர்ந்திருந்தன. அந்த வெளிச்சம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. பாக் நீரிணைக்கு அப்பால், ஏறத்தாழ நேர் தெற்கே, யாழ்ப்பாணம் இருக்கிறது. நாங்கள் பார்த்துப் பரவசப்பட்டது ஊர் விளக்குகளின் ஒளி.

நாங்கள் தேடிப் போனது பெரிய மெகல்லன் மேகம். பால்வெளிக்கு வெளியே, சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் திரள். அதற்குத் துணையாகச் சுமார் 2,00,000 ஒளியாண்டு தொலைவில் சிறிய மெகல்லன் மேகம் இருக்கிறது. டெல்லியில் இருப்பவர்களுக்கு இவை எழுவதே இல்லை. காவிரிப் படுகையில் இருக்கும் நமக்கு எழுகின்றன. இந்தப் பேறு நம் ஊர்களில் பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது என்பது என் ஆதங்கம். தெரிந்து தேடுகிறவர்களும் சில தவறுகளால் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

முதல் தவறு இடத்தில் நடக்கிறது. கடற்கரை என்றால் போதும் என்று நாகப்பட்டினத்துக்கோ தரங்கம்பாடிக்கோ பூம்புகாருக்கோ போய்விடுகிறார்கள். அவையெல்லாம் கிழக்கு பார்த்த கரைகள். அங்கே தெற்கே திரும்பினால் கண்ணில் படுவது ஊரும் சவுக்குத் தோப்பும் தெருவிளக்கும்தான். நமக்கு வேண்டியது தெற்கே கடல் விரிந்த கரை. கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வரை கடல் தெற்கில் இருக்கிறது. கோடியக்கரையில் பெரிய மேகம் உச்சத்தில் இருக்கும்போது அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில் நிற்கும். மயிலாடுதுறையில் 9 டிகிரி. அந்த ஒரு டிகிரிக்காக யாரும் நூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. மரமும் விளக்கும் மறைக்காத அடிவானத்துக்காகத்தான் போகிறோம். அங்கே சரணாலயப் பகுதியும் இருப்பதால், இரவில் எங்கே நிற்கலாம் என்பதைப் பகலிலேயே வனத்துறையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்தின் ஒளி கண்ணில் விழாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலம். விடுமுறை கிடைத்தது என்று சித்திரையில் போனால் பயன் இல்லை. இருட்டும் நேரத்தில் மேகம் மேற்கே சரிந்து கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். மழை ஓய்ந்த தையும் மாசியும்தான் ஏற்ற மாதங்கள். ஜனவரி நடுவில் இரவு 10 மணி அளவிலும், பிப்ரவரி நடுவில் 8 மணி அளவிலும் பெரிய மேகம் நேர் தெற்கே உச்சத்துக்கு வருகிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அதிகம் இறங்கிவிடாது. நிலவு கூடாது என்பதால் தை அமாவாசை இரவைவிடச் சிறந்த நாள் கிடையாது. அன்று காலையில் கோடியக்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் கடலாட வரும் குடும்பங்கள், ஒரு இரவு தங்கினால் போதும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனிதான் இங்கே பெரிய எதிரி. 10 டிகிரி உயரத்தில் பார்க்கும்போது, தலைக்கு மேலே பார்ப்பதைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான காற்றை ஊடுருவித்தான் ஒளி வருகிறது. அந்தக் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் எதுவும் மிஞ்சாது. இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தெற்கே திரும்பும் முன் வடக்கே திரும்பித் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். நம் ஊரில் அதுவும் சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. அதுவே தெரியவில்லை என்றால், அதைவிட மங்கலான மேகத்துக்காக அன்றிரவு காத்திருக்க வேண்டாம்.

எங்கே பார்ப்பது என்பதில் இன்னொரு குழப்பம். தெற்கு வானில் பளிச்சென்று நிற்கும் கனோபஸ் விண்மீனைப் பலரும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதுதான் அகத்திய நட்சத்திரம். கமண்டலத்திலிருந்து காவிரியை விட்ட முனிவரின் பெயரைத் தாங்கிய விண்மீனை, வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியின் உப்பளங்களுக்கு மேலே பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்ப்பு. ஆனால் அது நம் பால்வெளிக்குள், சுமார் 310 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் தனி விண்மீன். அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையை முழுவதும் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அகத்தியரிலிருந்து கீழ்நோக்கி ஏறக்குறைய இரண்டு முட்டி, சற்றே வலப்புறம்: அங்கேதான் பெரிய மேகம். ஓரியனின் இடுப்பில் உள்ள மூன்று விண்மீன்கள் தலைக்கு மேல் நடுவானைத் தொடும் வேளையும், மேகம் உச்சத்தில் இருக்கும் வேளையும் ஏறக்குறைய ஒன்றே.

புள்ளியைத் தேடாதீர்கள். நல்ல இருட்டில் அது முழு நிலவைப் போலப் பத்து மடங்கு அகலமான ஒரு வெண்திட்டு. தொலைநோக்கியில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அது கரைந்து போகும். 7×50 அல்லது 10×50 பைனாகுலரே இதற்கு ஏற்ற கருவி. திட்டுக்குள் கொஞ்சம் அழுத்தமான ஒரு புகைப்பொட்டு தெரிந்தால் அது டாரன்டுலா நெபுலா, புதிய விண்மீன்கள் பிறக்கும் மிகப் பெரிய களம். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறிய மேகத்தின் நிலை இன்னும் கடினம். கோடியக்கரையிலேயே அதன் உச்சம் 7 டிகிரிதான். அது நன்றாக நிற்கும் மாதங்கள் மழை மாதங்கள். மழை சீக்கிரம் விட்ட ஆண்டுகளில், மார்கழித் தொடக்கத்தில் இருட்டியவுடன் முயலலாம்.

இனி, பார்த்தபின் செய்யும் தவறுகள். இவைதான் எனக்கு முக்கியம். கண்ணில் பட்டது என்ன என்று புரியாமல் திரும்பினால் அவ்வளவு தூரம் போனதற்குப் பொருள் இல்லை.

நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் திரள் ஆண்ட்ரோமெடா என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அருகிலுள்ள பெரிய சுருள் திரள் என்றால்தான் அது சரி. ஆண்ட்ரோமெடாவின் தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. மெகல்லன் மேகங்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவற்றைக் கடலோடி மெகல்லன் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. தென் நாடுகளின் மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பார்த்து வந்தவர்கள். மெகல்லன் 1521இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார்; அவருடன் பயணம் செய்த பிகஃபெட்டா எழுதிய குறிப்பு ஐரோப்பாவில் பரவி, பெயர் நிலைத்தது.

இந்த மேகங்களைக் குறிக்கும் "ஒழுங்கற்ற குறுந்திரள்" என்ற சொல்லும் வழிதவறச் செய்கிறது. ஒழுங்கற்றது என்றால் பழுதானது என்று பொருள் இல்லை. சுருளாகவோ நீள்வட்டமாகவோ வகைப்படுத்த முடியாத வடிவம், அவ்வளவுதான். குறு என்றாலும் கோடிக்கணக்கான விண்மீன்கள் அதில் உண்டு. சிறிய மேகம் அந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரிய மேகத்தில் நடுவே ஒரு பட்டையும் ஒரு சுருள் கையின் அடையாளமும் இருப்பதால் அதைத் தனி வகையாகவே வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது பழைய வழக்கம்.

விண்மீன்கள் என்று வரும்போது, ஹென்ரியட்டா லெவிட்டின் பெயரைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. ஹார்வர்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த இவர், பெரு நாட்டின் அரெகிப்பாவில் எடுக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்து, இந்த இரண்டு மேகங்களிலும் பிரகாசம் கூடிக் குறையும் 1,777 மாறொளி விண்மீன்களைப் பட்டியலிட்டு 1908இல் வெளியிட்டார். 1912இல் சிறிய மேகத்தில், சீரான இடைவெளியில் கூடிக் குறையும் செபீட் வகை விண்மீன்கள் 25ஐ எடுத்துக்கொண்டார். மங்கிப் பிரகாசிக்கும் ஒரு சுற்றுக்குச் சிலவற்றுக்கு ஒன்றேகால் நாள், சிலவற்றுக்கு 127 நாள் வரை. சுற்று நீள நீள, விண்மீன் அதிகப் பிரகாசமாக இருந்தது.

லெவிட் தொலைவை அளந்தார் என்று எழுதுவது தவறு. அவர் கண்டது விதி. அந்த விதி ஏன் இந்த மேகத்தில் கிடைத்தது என்பதை ஒரு காட்சியால் சொல்கிறேன். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தின் இக்கரையில் இரவில் நின்று அக்கரை விளக்குகளைப் பாருங்கள். எல்லாமே ஏறத்தாழ ஒரே தூரம். ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் தெரிந்தால், விளக்கே அப்படித்தான் என்று நம்பிச் சொல்லலாம். தெருவில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அருகிலிருக்கும் சிறு விளக்கு, தூரத்துப் பெரிய விளக்கை வென்றுவிடும். பால்வெளி நமக்குத் தெரு. சிறிய மேகம் அக்கரை. 1913இல் வானியலாளர் ஹெர்ட்ஸ்பிரங் அருகிலுள்ள செபீட்களை வைத்து இந்த விதியைத் தொலைவோடு இணைத்தார். பிறகு வானியலாளர் ஹப்பிள் இதே விதியால்தான் ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே இருப்பதை நிறுவினார். இன்றைய நுண்ணிய அளவீடுகளில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: சிறிய மேகம் நம் பார்வைத் திசையில் நீண்டு கிடக்கிறது. அக்கரை விளக்குகள் சில கரையோரத்திலும் சில ஊருக்குள்ளும் இருப்பதைப் போல.

சிறிய மேகத்தின் பக்கத்தில் 47 டுகானே என்ற அழகான கோளக் கொத்து, அதாவது விண்மீன்கள் பந்துபோல் நெருங்கித் திரண்ட கூட்டம், தெரியும். படங்களில் அதை மேகத்தின் பகுதியாகக் குறிப்பிட்டு அனுப்புகிறார்கள். அது பால்வெளியைச் சேர்ந்தது. தொலைவு சுமார் 15,000 ஒளியாண்டு. ஒரே திசையில் இருப்பதால் மட்டும் இரண்டும் உறவாகிவிடுவதில்லை.

உலோகம் என்ற சொல்லிலும் கவனம் தேவை. வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே உலோகம்தான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்கூட. சூரியனோடு ஒப்பிட்டால் சிறிய மேகத்தில் இந்த உலோகத்தின் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு, பெரிய மேகத்தில் சுமார் பாதி. வெள்ளம் வந்து வந்து வண்டல் படிந்துதானே நம் வயல் உருவானது? விண்மீன்களும் தலைமுறை தலைமுறையாக இறந்து, தாம் சமைத்த தனிமங்களை வாயுவில் படியவிட்டுப் போகின்றன. சிறிய மேகத்தில் அந்த வண்டல் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. அதனால் அங்குள்ள பெரும் விண்மீன்கள் தம் மேற்பரப்பிலிருந்து வெளியே வீசும் வாயுக் காற்று வலுக்குறைந்தது; அவை தம் நிறையைக் குறைவாகவே இழக்கின்றன. பழங்காலப் பிரபஞ்சத்தின் விண்மீன்கள் எப்படி வாழ்ந்தன என்று அறிய இங்கே பார்ப்பது அதனால்தான். இதை வைத்து அங்குள்ளவை எல்லாம் இளையவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறிய மேகத்திலுள்ள என்ஜிசி 121 என்ற கொத்தின் வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

1987 பிப்ரவரியில் பெரிய மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது என்று எழுதுகிறோம். அதன் ஒளி நம்மை அடைந்தது அந்த மாதத்தில். வெடிப்பு நடந்தது அதற்குச் சுமார் 1,60,000 ஆண்டுகளுக்கு முன். ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, உலகின் மூன்று ஆய்வுக் கருவிகளில் சேர்த்துச் சுமார் இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பதிவாகின. கெப்ளர் கண்ட 1604ஆம் ஆண்டு வெடிப்புக்குப் பின் இவ்வளவு பிரகாசமானது வேறில்லை. சிவப்புப் பெருவிண்மீன்கள்தான் இப்படி வெடிக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். வெடித்தது ஒரு நீலப் பெருவிண்மீன்.

நிலவு பூமியைச் சுற்றுவதுபோல இவை பால்வெளியைப் பலமுறை சுற்றி வந்தவை என்ற விளக்கம் பழைய நூல்களில் இருக்கும். 2006இல் ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு அளந்தபோது, பெரிய மேகம் விநாடிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்வது தெரிந்தது. இவை நம்மை நெருங்குவது இதுவே முதல் முறையாக இருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது.

கடைசியாகப் படம். கண்ணுக்குத் தெரியாத இரவிலும், முக்காலியில் வைத்த கைபேசி 15 விநாடி திறந்திருந்தால் மேகம் பதியக்கூடும். இரண்டாம் ஆண்டு அக்காள் மகன் அப்படித்தான் எடுத்தான். படத்தைப் பெரிதாக்கி, அதில் தெரிந்த ஒவ்வொரு புள்ளியையும் காட்டி, "இவையெல்லாம் அந்தத் திரளின் விண்மீன்கள்" என்றான். தனித்தனிப் புள்ளிகளாக விழுந்திருந்தவை ஏறக்குறைய எல்லாமே நம் பால்வெளியின் விண்மீன்கள், நடுவழியில் நிற்பவை. அவற்றின் பின்னால், ஈரத் துணியில் சுண்ணாம்பு பட்டதுபோல ஒரு வெண்மை கிடந்தது. விரலை அதன்மேல் நகர்த்தி வைத்தேன்.